மட்டக்களப்பு வெக்கையிலும் நழுவாத ஒசிலேற்றர்: 7 மெகாஹேட்ஸுக்கு ஒரு செய்முறை

அமெச்சூர் வானொலியின் 7.0–7.2 மெகாஹேட்ஸை 12 மெகாஹேட்ஸ் கிறிஸ்டல் ஃபில்டரோடு கேட்க, றேடியோவுக்குள்ளேயே அலையை உண்டாக்கும் உள்ளக ஒசிலேற்றரை 19 மெகாஹேட்ஸ் பக்கமும் ஓட்டலாம், 4.8–5.0 இலும் ஓட்டலாம். கீழ்ப்பக்கத்தையே எடுங்கள். ஒரே வெக்கைக்கு 19 இல் ஏறத்தாழ நாலு மடங்கு ஹேட்ஸ் நழுவும். டயல் மட்டும் தலைகீழாக ஓடும்: 7.0 கேட்க 5.0, 7.2 கேட்க 4.8.

சுருளுக்கு மஞ்சள் நிற ரி50-6 வளையம், 0.45 மில்லிமீற்றர் எனாமல் கம்பி, 35 சுற்று. 4.9 மைக்ரோஹென்றி கிடைக்கும். சுற்றியதும் கொதிநீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவிடுங்கள். கம்பியின் இறுக்கம் தளரும். பிறகு தின்னரில் கரைத்த ரெஜிபோமை (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகை) பூசி அசையாமல் ஒட்டிவிடுங்கள். பூசாத சுருள், மேசையைத் தட்டினாலே சுருதி மாறும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றும் அதில் ஏறும்.

இதோடு மொத்தம் 207 முதல் 224 பிகோபரட் கொள்ளளவு வரை வேண்டும். சுருளின் மேல்முனையிலிருந்து ஜே310 ட்ரான்சிஸ்டரின் சோர்ஸுக்கு 270, சோர்ஸிலிருந்து நிலத்துக்கு 270, இரண்டும் என்பீ0 வகை (வெக்கைக்கு மதிப்பு மாறாத கொள்ளளவி). சுருளுக்குக் குறுக்கே 47 பொலிஸ்டைரின், 20 பிகோபரட் காற்று ட்ரிமர். பழைய றேடியோவின் 160 பிகோபரட் வேரியபிளை 33 உடன் தொடராக இணைத்தால் 200 கிலோஹேட்ஸும் அடங்கும். சுருளிலிருந்து கேற்றுக்கு 47. கேற்றிலிருந்து நிலத்துக்கு 100 கிலோஓம், கூடவே 1என்4148 டயோட், கதோட் நிலத்தில். சோர்ஸிலிருந்து நிலத்துக்கு 1 மில்லிஹென்றி சோக். மின் வழங்கல் 78எல்08 வழியே 8 வோல்ற்.

சுருளுக்குக் குறுக்கே வரும் 47 ஐ ஏன் பொலிஸ்டைரினாகப் போடுகிறோம்? மஞ்சள் வளையம் ஒரு பாகை சூடேற, சுருளின் தூண்டல் 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) கூடும். மீடிறன் அதில் பாதியளவு, அதாவது சுமார் 86 ஹேட்ஸ், இறங்கும். கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் 10 பாகை ஏறினால் 860 ஹேட்ஸ், பேச்சே விளங்காது. பொலிஸ்டைரினின் கொள்ளளவு பாகைக்கு ஏறத்தாழ 150 பிபிஎம் குறையும். மொத்தக் கொள்ளளவில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக அதைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். பற்றாசு வைக்கும்போது அதன் கம்பிக் காலைக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள், சூட்டில் பொலிஸ்டைரின் உருகிவிடும்.

கணக்கு சரியாக வந்தாலும் அளந்துதான் நம்ப வேண்டும். பெட்டியை மூடி, 15 நிமிடம் ஓடவிட்டு, விடியற்காலையிலும் மத்தியானத்திலும் மீடிறன் அளக்கும் கவுண்டரில் மீடிறனைக் குறியுங்கள். சூடேற மீடிறன் இறங்கினால் பொலிஸ்டைரினைக் கூட்டி என்பீ0 ஐக் குறையுங்கள். ஏறினால் மாறாகச் செய்யுங்கள். மலிவான மஞ்சள்-பழுப்பு செராமிக் வட்டுகளை இந்தச் சுற்றில் எங்கும் போடாதீர்கள். அவற்றின் போக்கை எதனாலும் சரிக்கட்ட முடியாது.

சோர்ஸிலிருந்து 10 பிகோபரட் வழியே இரண்டாவது ஜே310 பஃபர் (பின்னால் வரும் சுமை ஒசிலேற்றரைத் தொடாமல் தடுக்கும் நிலை), அதன்பின் ஒரு பெருக்கி. டயோட் வளைய மிக்சருக்கு 50 ஓமில் உச்சிக்கு உச்சி 1.4 வோல்ற் வேண்டும்; என்ஈ602 மிக்சர் ஐசிக்கு 0.2–0.3 வோல்றே போதும்.

அனுப்பும்போது கீச்சென்று சுருதி வழுக்கினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பற்றரி இறங்க ரெகுலேற்றருக்குள் போகும் அழுத்தம் 10 வோல்றுக்குக் கீழ் விழுகிறதா? பவர் அம்ப்ளிஃபயரின் ஆர்எஃப் (வானொலி அலை) ஒசிலேற்றர் பெட்டிக்குள் திரும்புகிறதா? மோர்ஸ் சாவியால் ஒசிலேற்றரையே வெட்டாதீர்கள், அது எப்போதும் ஓடட்டும். ரெகுலேற்றரும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

கேட்டுப் பார்த்துச் சீராக்கிய பிறகு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அமெச்சூர் உரிமம் கையில் இருந்தால் மட்டுமே அன்ரெனாவில் அனுப்புங்கள்.