ஊர்க்காசுக்கு ஊராக்களே வோட்டுப் போடுறது எப்பிடி? (புளியங்கொட்டையோட நான் பட்ட பாடு)

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊராக்கள் மூண்டு லட்சம் அனுப்பி, மரம், குளம், குப்பை இதுகளுக்கு மட்டும் பாவியுங்கோ எண்டுட்டினம். கிராம அபிவிருத்திச் சங்கத்தில ஏழு பேர் இருந்து முடிவெடுத்தா பிறகு ஏழு வருசம் பேச்சு வாங்கோணும், அதால சனத்தையே வோட்டுப் போட விடுவம் எண்டு வெளிக்கிட்டம். புதுசில்லை, பிரேசிலில போர்த்து அலெக்ரே நகரத்தில 1989ல மாநகரசபைக் காசையே இப்பிடிப் பங்கிடத் தொடங்கினவை.

முதல்ல திட்டம் சேருங்கோ. கூட்டம் வச்சா கதைக்கிறவைதான் கதைப்பினம், வீடு வீடாப் போங்கோ. எங்களுக்கு 14 வந்தது, ஒண்டுபோல இருந்ததுகளைச் சேர்த்து 5 ஆக்கினம்.

பிறகு விலையும் அனுமதியும். ரெண்டும் வோட்டுக்கு முதல். 80 ஹெக்டேயருக்குக் குறைய வயல் பாயிற சின்னக் குளமெண்டா கமநல சேவை நிலையத்தில கேளுங்கோ, இரணைமடு மாதிரிப் பெரிசெண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். குளக்கட்டில மரம் வைக்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கு, வோட்டில வெண்டாப் பிறகு, வேர் கட்டைப் பழுதாக்கும் எண்டு அவை மறிச்சா ஆருக்கு அவமானம்?

இனி வோட்டு. இதிலதான் நான் விழுந்தனான். அஞ்சு பால்மா ரின், ஒவ்வொண்டிலயும் ஒரு படம் (வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கும் விளங்கோணும்), ஆளுக்கு மூண்டு புளியங்கொட்டை. வந்தது 64 பேர், 192 கொட்டை இருக்கோணும். எண்ணினா 231! புளி இல்லாத வீடு வன்னியில எங்க இருக்கு, மடியில கட்டிக்கொண்டெல்லோ வந்திருக்கினம். சிரிச்சுப்போட்டு அடுத்த ஞாயிறு திரும்ப வச்சம், இந்தமுறை சங்கத்தின்ர சீல் குத்தின துண்டு. இன்னொண்டு, கொட்டை ரின்னுக்க விழேக்க டங் எண்டு கேக்கும், எந்த ரின் எண்டு மண்டபம் முழுக்கத் தெரியும். துண்டில அந்தக் கரைச்சலும் இல்லை. ரின்னை ஒரு சீலைக்குப் பின்னால வையுங்கோ.

ஆர் வோட்டுப் போடலாம்? வாக்காளர் இடாப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, இப்பதான் திரும்பிவந்து குடியேறின சனத்தின்ர பேர் அதில இராது. நாங்கள் 15 வயசுக்கு மேல, ஊரில இருக்கிற எல்லாரையும் விட்டனாங்கள்.

எண்ணுறது எல்லாருக்கும் முன்னால. மிச்சக்காசு எதுக்குப் போகும் எண்டதை முதலே சொல்லிவையுங்கோ. எங்கட குளத்தில சல்வீனியா (தண்ணியில மிதந்து படருற களை) அள்ளுறது முதல் வந்தது, 1,65,000. ரெண்டாவது மழைநீர்த் தாங்கி 1,80,000, காசு காணாது. மூண்டாவது பனங்கொட்டை நடுறது 60,000, அது கொள்ளும். தாங்கி கேட்ட ஆக்களோட ரெண்டு மணித்தியாலம் சண்டை, நான் முதல் சொல்லாததால வந்த வினை.

பிற்சேர்க்கை: கூகிள் போமில (போனில நிரப்புற படிவம்) செய்தா சுகம்தானே எண்டு நாலு பேர் கேட்டிட்டியள். வேண்டாம். எங்கட பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன், அதுவும் மகன்ர கையில, அப்ப அம்மான்ர வோட்டையும் அவன்தான் போடுவான். வட்ஸ்அப்பை கூட்டத்துக்குக் கூப்பிட மட்டும் வச்சிருங்கோ.

இன்னொராள் எந்த மாசம் நல்லம் எண்டு கேட்டவ. திட்டங்களில பனை நடுறது இருந்தா வோட்டை ஆவணிக்குள்ள முடியுங்கோ அக்கா, பனம்பழம் விழுற நேரம் கொட்டை சும்மா பொறுக்கலாம், மாரி மழைக்கு முதல் தாட்டிடலாம். நாங்கள் ஐப்பசியிலதான் வோட்டு வச்சனாங்கள், கொட்டை காசு குடுத்து வாங்கினது.