வாளி நீரில் அழுத்தத்தை ஆழவாரியாக அளக்கும் முறை

ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும் என்பதை வீட்டு வாளியிலேயே சென்டிமீட்டர் கணக்கில் அளந்து பார்க்கலாம். மீன்தொட்டிக்குக் காற்றுச் செலுத்தும் மெல்லிய குழாய் 2 மீட்டர், சிறிய பிளாஸ்டிக் புனல், பலூன், நூல், ஸ்கேல் இரண்டு, ஊசியில்லாத சிரிஞ்சு, மை கலந்த நீர், ஆழமான வாளி ஆகியவை போதும்.

முதலில், குழாயின் ஒரு பகுதியை அட்டையில் ‘ப’வைப் போல வளைத்து ஒட்டி, அதன் இரு கைகளுக்கும் (நிமிர்ந்து நிற்கும் இரு பக்கங்களுக்கும்) நடுவே ஒரு ஸ்கேலைப் பொருத்துங்கள். சிரிஞ்சினால் மைநீரைக் குமிழி விழாமல் மெதுவாகச் செலுத்தி, இரு கைகளிலும் சுமார் 15 செ.மீ. உயரம் நிற்கச் செய்யுங்கள்.

அடுத்து, குழாயின் நீண்ட முனையைப் புனலின் காம்பில் காற்றுக் கசியாமல் எம்-சீல் கொண்டு இணையுங்கள். அது இறுகிய பிறகே, வெட்டிய பலூன் துண்டைப் புனலின் வாயில் கட்ட வேண்டும். முன்பே கட்டிவிட்டால், இணைக்கும்போது உள்ளே தள்ளப்படும் காற்று, நீரில் இறக்குவதற்கு முன்பே மைநீரின் மட்டத்தைக் குலைத்துவிடும். இந்தப் பலூன் சவ்வை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். மைநீரை நகர்த்தும் காற்று, சவ்வு உள்வாங்குவதால்தான் கிடைக்கிறது. சவ்வு விறைப்பாக இருந்தால் அழுத்தத்தில் ஒரு பங்கை ரப்பரே தாங்கிக்கொள்ளும், அளவீடு குறையும். மெல்லிய குழாயைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான்: அதில் சவ்வு சிறிதளவு உள்வாங்கினாலே போதும்.

புனல் மிதக்கப் பார்க்கும். ஆகவே, சவ்வு இரண்டாவது ஸ்கேலின் சுழியத்துக்கு நேராக அமையுமாறு அதனுடன் சேர்த்துக் கட்டி, 5, 10, 15, 20 செ.மீ. ஆழங்களுக்கு இறக்குங்கள். ஆழத்தை வாளியின் அடியிலிருந்து அல்ல, நீர்ப்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வோர் ஆழத்திலும் இரு கைகளின் மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் நீர் ஏறிய அளவை மட்டும் குறிப்பதே தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. அது உண்மையான வேறுபாட்டில் பாதிதான். மட்டம் ஓரிடத்தில் நில்லாமல் மெல்லத் திரும்பினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள்.

1 செ.மீ. வேறுபாடு ஏறத்தாழ 98 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு); எனவே 20 செ.மீ. ஆழத்தில் 1960 பாஸ்கல் கிடைக்க வேண்டும். சவ்வின் விறைப்பால் சற்றுக் குறைவாகவே வரும். அதே ஆழத்தில் புனலைப் பக்கவாட்டில் திருப்பி, சவ்வின் நடுப்பகுதியின் ஆழத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அளவீடு பெரிதாக மாறாது.

பிறகு, 5 லிட்டர் நீருக்கு 1 கிலோ உப்பு வீதம் கரைத்து மீண்டும் அளவெடுங்கள். அக்கரைசலின் அடர்த்தி நீரைப் போல் சுமார் 1.12 மடங்கு என்பதால், 20 செ.மீ. ஆழத்தில் வேறுபாடு முன்பைவிட ஏறக்குறைய 2 செ.மீ. கூடியிருக்கும்.