நடைக்கோல் பிடித்து நிமிர்ந்து நடக்க: தொடங்குவோருக்கு

இரண்டு நடைக்கோல்களைக் கையில் கொடுத்தால் புதியவர்கள் பெரும்பாலும் அவற்றை முன்னால் ஊன்றி, அதன்மேல் சாய்ந்துகொள்வார்கள். முதுகு இன்னும் கூனிப்போகும். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள் கோடைக்காலப் பயிற்சியாகச் செய்துவந்த இந்த ‘நார்டிக் நடை’யில் கோலுக்கு ஒரே வேலைதான்: தரையைப் பின்னோக்கித் தள்ளுவது. அப்படித் தள்ளும்போது நெஞ்சு விரியும், தலை தானாக நிமிரும்.

முதலில் கோலின் அளவு. உங்கள் உயரத்தை 0.68ஆல் பெருக்குங்கள். 160 செ.மீ. உயரமென்றால் 108.8 வரும், தொடங்கும்போது 105 போதும். கோல் நீளமானால் தோள் காதுவரை ஏறிவிடும். நீட்டிச் சுருக்கும் கோலென்றால், தண்டில் குறித்த எல்லையைத் தாண்டி இழுக்காதீர்கள். பூட்டை இறுக்கியபின் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தார்ச்சாலைக்கு ரப்பர் முனை, புல்லுக்கும் மண்ணுக்கும் கூர்முனை. கூர்முனையோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் வழுக்கும்.

இடம் சமதளமாக இருக்கட்டும். பினாங்கில் தாவரவியல் பூங்காவின் கீழ்ச்சுற்றுப் பாதை நல்ல தேர்வு. தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டு இப்போதைக்கு வேண்டாம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் வெயில் படுத்தாது. பூங்காவில் குரங்குகள் உண்டு: உணவுப் பையை வெளியே தெரிய வைக்காதீர்கள், அவற்றை நோக்கிக் கோலை ஓங்கவே ஓங்காதீர்கள். தண்ணீர் போத்தலை இடுப்புப் பையில் வையுங்கள். கையில் கோலைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

இனி நடை.

1. கோலின் பிடியிலுள்ள வாரைக் கையில் மாட்டிக்கொண்டு, கோல்களைப் பிடிக்காமல் பின்னால் இழுபட விட்டு, கைவீசி ஐம்பது அடி நடங்கள். வலது காலோடு இடது கை முன்னே வரும். அந்தத் தாளத்தைக் கெடுக்காதீர்கள்.

2. கை முன்னே வரும்போது, கைகுலுக்கும் உயரத்தில் பிடியை லேசாகப் பற்றுங்கள். கோல் பின்சாய்ந்தே இருக்கும். முனை எதிர்க்காலின் குதிகாலுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ தரையைத் தொட வேண்டும். பாதத்துக்கு முன்னால் குத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

3. வாரை அழுத்தித் தள்ளுங்கள். கை இடுப்பைத் தாண்டியதும் விரல்களைத் திறந்துவிடுங்கள். முழுநேரமும் இறுக்கிப் பிடித்தால் முன்கையும் கழுத்தும் வலிக்கும்.

4. குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு, பெருவிரலால் தரையை உந்தட்டும். பார்வை பத்துப் பதினைந்து அடி தூரத்தில்.

புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது, ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போய்விடுவதுதான். யோசித்துத் திருத்தப் பார்த்தால் இன்னும் குழம்பும். நின்றுவிடுங்கள், முதல் படிக்குத் திரும்பி மறுபடி இழுத்து நடங்கள்.

சமநிலைக்குத் தனிப் பயிற்சி: இரு கோல்களையும் பாதங்களுக்கு இருபுறமும் நேராக ஊன்றி, ஒரு காலைத் தூக்கிப் பத்து நொடி நில்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முறை. நாளாக நாளாகக் கோலில் விழும் பாரத்தைக் குறையுங்கள். தலைசுற்றல், பக்கவாதம், அண்மையில் மூட்டு அறுவை என்றிருந்தால், மருத்துவரையோ பிசியோதெரபி சிகிச்சையாளரையோ கேட்டபின்பே தொடங்குங்கள்.

முதல் வாரம் 15 நிமிடம், வாரம் மூன்று நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். மழை பெய்த காலையில் பாசி பிடித்த ஓரத்தையும் ஈர இலைகளையும் தவிர்த்து, எடுத்துவைக்கும் அடியைச் சுருக்கி நடங்கள். ரப்பர் முனையை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் கூர்முனை தெரியத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.