தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறப்போகும் செவிலியருக்கு

பதிவு பெற்ற செவிலியர் இச்சிறப்புப் பயிற்சியில் சேருமுன், வழிகாட்டும் மூத்த செவிலியர் ஒருவரே தொடர்ந்து உடனிருப்பாரா என்பதைக் கேட்டறிய வேண்டும்; பாடத்திட்டத்தைவிட அதுவே முக்கியம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

வென்டிலேட்டரின் (செயற்கைச் சுவாசக் கருவியின்) எச்சரிக்கை ஒலித்தால், திரையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பாருங்கள். மார்பு இருபுறமும் உயர்கிறதா, சுவாசக் குழாய் விலகியுள்ளதா, சளி அடைத்துள்ளதா என்று விரைந்து சோதியுங்கள். காரணம் புலப்படாமல் ஆக்சிஜன் அளவு சரிந்துகொண்டே போனால், உதவிக்கு அழைத்தபடியே வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றி, கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் ஆம்பு பையின் வழியாக 100 சதவீத ஆக்சிஜனுடன் சுவாசம் கொடுங்கள். இதை வழிகாட்டியின் முன்னிலையில், கை தயங்காத அளவுக்குப் பலமுறை பழக வேண்டும்.

தமனி வழியாக இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரியை இதயத்தின் மட்டத்திலேயே வையுங்கள். அது 10 செ.மீ. தாழ்ந்தாலும் அழுத்தம் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் கொடுக்கும் மருந்தின் அளவும் தவறிப்போகும்.