பழைய அச்சைப் பார்த்து மேற்கோள் எடுங்கள்: ஷேக்ஸ்பியர் காலக் கவிதைகளும் இணைய அகராதியும்

ஆங்கில விக்சனரியில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய அகராதி) சொற்களுக்கு மேற்கோள் சேர்த்து வருகிறேன். அதில் 16, 17ஆம் நூற்றாண்டுக் கவிதைகள் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. புதிதாக வருகிறவர்கள் தேடுபொறியில் சொல்லைப் போடுவார்கள், கண்ணில் படும் முதல் வரியை நகலெடுப்பார்கள், பக்கத்தில் ‘1609’ என்று எழுதிவிடுவார்கள். ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் (பொதுவாக 14 வரிக் கவிதைகள்) 1609இல் அச்சில் வந்தவைதான். ஆனால் ஒட்டிய வரியோ, பிற்காலப் பதிப்பாசிரியர் ஒருவர் எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் மாற்றி அமைத்தது. 1609இல் அந்தச் சொல்லை அப்படித்தான் எழுதினார்கள் என்று அகராதி சாட்சி சொல்லிவிடுகிறது. அது பொய்ச்சாட்சி. எந்த ஆண்டைப் போடுகிறீர்களோ, அந்த ஆண்டின் அச்சுப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பார்ப்பது கடினமில்லை. ‘எர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்’ என்ற பழைய ஆங்கில அச்சு நூல்களின் இணையத் தொகுப்பிலிருந்து கையால் தட்டச்சு செய்த சுமார் 25,000 நூல்கள் 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. தேடுவதற்கு அதுதான் நல்ல இடம். சொல் கிடைத்ததும் ஃபோல்ஜர், பாட்லியன் போன்ற நூலகங்களின் தளங்களில் அந்தப் பக்கத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி தானாகப் படித்த உரையை மட்டும் நம்ப வேண்டாம். அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ நீண்ட வடிவத்தில் இருக்கும். கணினி அதை ‘எஃப்’ என்று படித்துவிடும். ஆன்மாவைக் குறிக்கும் ‘ஸோல்’, அழுக்கைக் குறிக்கும் ‘ஃபவுல்’ ஆகிவிடும்.

எழுத்துக்கூட்டலில் இன்னும் பெரிய பொறி இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 129ஆம் சானெட்டில் 11ஆவது வரியைப் பாருங்கள். 1609 அச்சில் பி-ஆர்-ஓ-யூ-டி என்று ஒரு சொல் நிற்கிறது. இன்றைய கண்ணுக்கு அது ‘ப்ரௌட்’, அதாவது கர்வம். ஆனால் அன்றைய அச்சுக்கூடத்தில் யூவும் வீயும் ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள்: சொல்லின் தொடக்கத்தில் வீ, மற்ற இடங்களில் யூ. ‘லவ்’ என்பதை எல்-ஓ-யூ-ஈ என்றுதான் கோப்பார்கள். இந்த வரியில் சற்று முன்னாலேயே ‘ப்ரூஃப்’, இங்கே அனுபவிப்பது என்ற பொருளில், வந்துவிடுகிறது. ஆகவே பதிப்பாசிரியர்கள் இதை ‘ப்ரூவ்டு’, அனுபவித்துப் பார்த்தது, என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேடலில் கிடைத்ததே என்று இதை ‘ப்ரௌட்’ பதிவின் கீழ் வைத்தால் பொருளே மாறிவிடும். நானாக இருந்தால் இரண்டு பதிவுகளுக்குமே வேறு வரி தேடுவேன். விவாதம் இல்லாத வரிதான் அகராதிக்கு உதவும்.

தேடும்போதும் இதை மனதில் வையுங்கள். யூ, வீ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐ, ஜே இரண்டும் அப்படித்தான். கடைசியில் கூடுதலாக ஒரு ஈ சேர்த்தும் பாருங்கள். வரியை எடுத்தெழுதும்போது நீண்ட எஸ்ஸை மட்டும் சாதாரண எஸ்ஸாக மாற்றுவது என் பழக்கம். மற்றதை அச்சில் உள்ளபடியே விடுவேன்.

அடுத்தது ஆண்டு. கவிஞர் எழுதியது ஒரு காலம், அச்சானது இன்னொரு காலம். ஜான் டன் 1631இல் இறந்தார், கவிதைத் தொகுப்பு 1633இல் வந்தது. மார்வெல் இறந்தது 1678, நூல் வந்தது 1681. இரண்டையும் எழுதுங்கள்: இந்த ஆண்டுக்கு முன் எழுதியது, இந்த ஆண்டில் அச்சானது என்று.

சில சமயம் இடையில் வேறொருவர் கை புகுந்திருக்கும். தாமஸ் வயட் 1542இல் இறந்தார். அவருடைய கவிதைகள் பல 1557இல் டாட்டெல் வெளியிட்ட தொகுப்பில் அச்சேறின. ஓசை சீராக வரவேண்டும் என்று அங்கே வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள். தன்னை விட்டு விலகிப்போன பெண்ணைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையின் கடைசியில், தன்னை இவ்வளவு ‘கைண்ட்லி’ (அன்பாக) நடத்தினாளே என்று குத்தலாகச் சொல்வதாகக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. டாட்டெல் அச்சில் அது ‘அன்கைண்ட்லி’. குத்தல் போய்விட்டது, சொல்லும் நேர் எதிராகிவிட்டது! ‘அன்கைண்ட்லி’க்கு இதை மேற்கோள் காட்டி வயட் பெயரை மட்டும் போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். 1557 தொகுப்பில் உள்ள வடிவம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அதே வரி நல்ல சான்று.

இடத்தைச் சுட்டும்போது பக்க எண்ணை நம்பியிருக்காதீர்கள், அக்கால நூல்கள் பலவற்றில் அது இருக்காது. தாளின் அடியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு மடிப்புக் குறி இருக்கும். அதோடு முன்பக்கமா பின்பக்கமா என்று சேர்த்தால் போதும். ஸ்பென்சரின் ‘ஃபேரி குவீன்’ போன்ற நெடுங்கவிதை என்றால் புத்தகம் (கவிதையின் பெரும்பிரிவு), காண்டம், செய்யுள் எண் கொடுங்கள், எந்தப் பதிப்பிலும் கண்டுபிடிக்கலாம். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’டில் கவனம் வேண்டும். 1667இல் அது 10 புத்தகங்கள். 1674இல் ஏழாவதையும் பத்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்து 12 ஆக்கினார்கள். ஏவாள் கனி தின்னும் இடம் முதல் பதிப்பில் எட்டாம் புத்தகம், இன்று கையில் கிடைக்கும் பதிப்புகளில் ஒன்பதாம் புத்தகம். 1667 என்று போட்டு ஒன்பது என்று எழுதினால் தேடுகிறவர் அலைவார். அச்சுப் பிழையும் உண்டு: 116ஆம் சானெட்டுக்கு 1609 பிரதிகள் பலவற்றில் 119 என்று எண் விழுந்திருக்கிறது. 116 என்றே எழுதி, அச்சில் 119 என்று ஒரு குறிப்பு கொடுங்கள்.

சரி, எவ்வளவு வெட்டுவது? வரி முடிகிற இடத்தில் வெட்டாதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள். ‘பாரடைஸ் லாஸ்ட்’டின் முதல் வாக்கியம் 16 வரி ஓடுகிறது, ‘பாடு’ என்ற வினை வருவதே ஆறாவது வரியில். அத்தனையும் வேண்டாம். சொல்லின் பொருள் தெரிகிற அளவுக்கு எடுத்து, விட்ட இடத்தில் புள்ளிகள் இடுங்கள். வரி மாறும் இடத்தில் சாய்கோடு. தலைச்சொல்லை, அதாவது எந்தச் சொல்லுக்கு மேற்கோளோ அதை, தடித்த எழுத்தில் காட்டுங்கள், மேற்கோள்களைப் பழையதிலிருந்து புதியதாக அடுக்குங்கள்.

அழகான வரி எல்லாம் நல்ல மேற்கோள் ஆகாது. 135ஆம் சானெட்டில் ‘வில்’ என்ற சொல் விருப்பம், ஆசை, கவிஞரின் பெயர் என்று ஒரே மூச்சில் பல பொருளில் விளையாடுகிறது. படிக்க இனிமை, ஆனால் அதை எந்தப் பொருளின் கீழ் வைப்பது? சாதாரணமாக, ஒரே பொருளில் வருகிற வரியைத் தேடுங்கள், அது பெயர் தெரியாத கவிஞருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

விக்சனரியில் ஒரு சொல் நிலைக்க, பொதுவாக ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள், குறைந்தது ஓராண்டு காலத்தில் பரவியிருப்பதாக வேண்டும். ஒரே கவிதை மூன்று பதிப்பில் வந்தால் அது ஒரே சான்றுதான். அப்புறம் சேமிப்பதற்கு முன், நீங்கள் கொடுத்த இணைப்பை நீங்களே திறந்து, படத்தையும் தட்டச்சு செய்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். காற்புள்ளி உட்பட.