எக்ஸாம் வந்தாலே வயிறு கலக்குதா? ஐபிஎஸ் (IBS, வயித்து வலியோட பேதியோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வர்ற குடல் பிரச்சனை) இருக்கிற ஸ்டூடன்ட்ஸ் என்ன பண்ணலாம்

எக்ஸாம் ஹால்ல போய் உக்காந்ததும் கொஸ்டின் பேப்பரைப் பாக்கிறதுக்கு முன்னாடி கதவு எங்க இருக்கு, அங்கருந்து பாத்ரூம் எவ்ளோ தூரம், நடுவுல எந்திரிச்சா வெளிய விடுவாங்களான்னு கணக்கு போட்ட ஆளு நான். ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. எல்லா டெஸ்ட்டும் நார்மல், "ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லேன்னா இந்த வலி எங்கருந்து வருதுன்னு யாரும் சொல்லல, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல இது ஐபிஎஸ்தானான்னு டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. டாக்டருங்க பாக்கிற ரோம் 4 விதிப்படி கடைசி 3 மாசமா சராசரியா வாரத்துல ஒரு நாளாவது வயித்து வலி இருக்கணும், அந்த வலி மோஷன் போறதோடயோ, எத்தனை தடவை போறோம், எப்படிப் போகுதுங்கிறது மாறுறதோடயோ சேர்ந்து வரணும், இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு பொருந்தணும், பிரச்சனை ஆரம்பிச்சு 6 மாசமாவது ஆகியிருக்கணும். ஆனா மோஷன்ல ரத்தம், காரணமே இல்லாம வெயிட் குறையறது, காய்ச்சல், ரத்த சோகை, தூக்கத்துலருந்து எழுப்புற பேதி, குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர், இதுல ஒண்ணு இருந்தாலும் டென்ஷன்னு விட்றாதீங்க, உடனே போய் காட்டுங்க.

சரி, மனசுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? குடலுக்குன்னே தனியா ஒரு நரம்பு வலை இருக்கு, அதுவும் மூளையும் வேகஸ் நரம்பு வழியா மாத்தி மாத்தி பேசிக்கிட்டே இருக்கும். பயம் வந்தா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குடலோட ஓட்டத்தையே மாத்திடும், ஐபிஎஸ் இருக்கிறவங்களுக்கு மத்தவங்க கண்டுக்கவே கண்டுக்காத கொஞ்சம் கேஸ்கூட வலியாத் தெரியும். அந்த வலியைப் பாத்து இன்னும் பயம், அந்தப் பயத்துல இன்னும் வலி. அப்போ வலி நிஜம், நீங்க நடிக்கல. சில பேருக்கு மோசமான வயித்துப்போக்கு ஒண்ணு வந்து போனதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிக்கும், எல்லாத்தையும் மனசு மேல போட வேண்டியதும் இல்ல.

அடுத்து ஒரு நோட்டு போடுங்க. எல்லாரும் சாப்பாட்டை மட்டும்தான் எழுதுவாங்க, நீங்க தூக்கம், மனசு, அன்னிக்கு என்ன நடக்கப்போகுதுங்கிறதையும் எழுதுங்க. என் நோட்டுல ஒரு செவ்வாய்க்கிழமை: "ராத்திரி 3 மணிக்குப் படுத்தேன், 9 மணிக்கு பிரசன்டேஷன், 8:40க்கு வலி, பத்துக்கு 7." அதே வாரம் சனிக்கிழமை: "அதே சாப்பாடு, கிளாஸ் இல்ல, வலி 1." நான் மாசக்கணக்கா அந்த சாப்பாட்டைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்!

நோட்டைப் பாத்தா இன்னொண்ணும் புரியும், நாம வயித்துக்குப் பயந்து எவ்ளோ விஷயத்தை விட்டிருக்கோம்னு. காலைல சாப்பிடாம போறது, டூர் வேண்டாம்னு சொல்றது, ஹாஸ்டல்ல பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு பாத்ரூமையே அடக்கிக்கிறது. அப்போதைக்கு நிம்மதிதான், ஆனா அது ஆபத்துதான்போலன்னு மூளை நம்பிடும், பயம் பெருசாகும். எனக்குத் தெரிஞ்சு இதுலதான் ரொம்ப வேலை இருக்கு. ஒரே நாள்ல மாத்த வேண்டாம், கடைசி பெஞ்ச் கதவோரமா உக்கார்றவங்க ஒரு வாரம் ரெண்டு பெஞ்ச் முன்னாடி வாங்க, அது பழகினதும் அடுத்தது. பட்டினி கிடக்கிறதுக்குப் பதிலா அரை மணி நேரம் முன்னாடி எந்திரிச்சு ஏதாவது சாப்பிடுங்க, சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையும், அந்த நேரத்துல அவசரமில்லாம பாத்ரூம் போய்ட்டு கிளம்பலாம். ஹால்ல வயிறு பிசைஞ்சா வயிறு விரியற மாதிரி 4 செகண்ட் மூச்சு இழுத்து 6 செகண்ட் விடுங்க, அஞ்சு நிமிஷம். இதை வீட்டுலயே தினமும் பழகினாத்தான் அங்க கை கொடுக்கும்.

அப்புறம் யார்கிட்டயாவது சொல்லுங்க. மோஷன் பத்திப் பேச வெக்கம்தான், எனக்கும் வாய் வரல. கடைசில ரூம்மேட்கிட்ட "எனக்கு குடல்ல ஒரு பிரச்சனை இருக்கு, திடீர்னு எந்திரிச்சுப் போனா தப்பா நினைக்காத"ன்னு மட்டும் சொன்னேன், "சரி"ன்னு சொல்லிட்டு அவன் வேலையைப் பாக்கப் போய்ட்டான், அவ்ளோதான்! டாக்டர் லெட்டரோட காலேஜ்ல கேட்டா கதவோர சீட்டும் நடுவுல வெளிய போக பர்மிஷனும் தர வாய்ப்பு இருக்கு, எக்ஸாமுக்கு முந்தின நாள் போகாம செமஸ்டர் ஆரம்பத்துலயே கேளுங்க.

காபியைக் குறைச்சுப் பாருங்க, எக்ஸாம் வாரத்துலயும் தூக்கத்தை விடாதீங்க. லோ ஃபோட்மேப் டயட் (குடல்ல கேஸ் உண்டாக்குற சில வகை கார்போஹைட்ரேட்டைக் குறைக்கிற சாப்பாட்டு முறை) நிறைய பேருக்கு உதவுது, ஆனா டயட்டீஷியன் இல்லாம ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஓட்டாதீங்க, ஏற்கனவே சாப்பிடவே பயப்படுறவங்களுக்கு அது இன்னும் கெடுதல்.

இவ்ளோ பண்ணியும் அடங்கலேன்னா சிபிடிங்கிற பேச்சு சிகிச்சையும் குடலுக்குன்னே இருக்கிற ஹிப்னோதெரபியும் இருக்கு, ரெண்டுமே ஐபிஎஸ்ஸுக்கு ஆராய்ச்சில பலன் காட்டினது. டாக்டர் குறைஞ்ச டோஸ்ல மனச்சோர்வு மாத்திரை எழுதினா பதறாதீங்க, அது குடல் நரம்போட வலியைக் குறைக்கவும் தர்றதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே பிடிப்பு இல்லாம இருந்தா அதையும் அந்த டாக்டர்கிட்டயே சொல்லிடுங்க, வயித்துக்கு மட்டும் மருந்து வாங்கிட்டு வந்துடாதீங்க.