படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இங்கிலாந்தின் ஒரு பழைய கிராமத்தில் 19-ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் நின்றோம். பாதிப் பேருக்கு அதுதான் முதல் முறை போலிருந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொன்றாக அவர்களும் செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். மொபைலை அணைப்பது, பிளாஷ் போடாதது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடிகரின் பார்வைக்கு நேராக நிற்பது

கேமராவுக்குப் பின்னால்தானே நிற்கிறோம், படத்தில் விழமாட்டோம் என்று நினைப்போம். ஆனால் நடிகர் பேசிக்கொண்டே பார்க்கும் திசையில் நாம் நின்றால், அவர் கண்ணுக்கு எதிரே ஓர் அந்நிய முகம் அசைந்துகொண்டிருக்கும். உதவி இயக்குநர் வந்து சொல்வதற்கு முன்பே இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுங்கள். பளிச்சென்ற மழைக்கோட்டு போட்டவர்கள் இன்னும் தள்ளி நிற்பது நல்லது. பழைய வீடுகளின் சன்னல் கண்ணாடி எதையும் விடாமல் காட்டிக்கொடுக்கும்.

‘கட்’ என்றதும் பேச ஆரம்பிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

பல வருடங்களுக்கு முன், வேடிக்கை பார்க்கப் போன இரண்டாவது நாள். ஒரு குதிரை வண்டி வந்து நிற்கும், ஒரு பெண் இறங்கி இரண்டு வரி பேசுவாள். காட்சி அவ்வளவுதான். முதல் டேக்கில் விமானம் போனது. இரண்டாவதில் எங்கோ டிராக்டர். இந்தக் காலத்துக் கதையாக இருந்தால் பின்னணியில் ஒரு விமானச் சத்தம் உறுத்தாது. 1840-களில் நடக்கும் கதையில் அதற்கு இடமே இல்லை. மறுபடி எடுப்பதும் லேசு அல்ல. வண்டியைத் தெருக்கோடி வரை கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். தார்ச்சாலை தெரியாமலிருக்கக் கொட்டிய மண்ணில் விழுந்த சக்கரத் தடத்தையும் குளம்புத் தடத்தையும் வாரியால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். அதற்குள் வெயில் நகர்ந்துவிடும்.

நான்காவது டேக் சரியாக வந்தது. ‘கட்’ என்று கேட்டதும் நான் கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாக ஏதோ சொன்னேன். அப்போதுதான் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தியபடி தலைகுனிந்து நின்றதைக் கவனித்தேன். அவர் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தார்.

எதை என்றால், அந்த இடத்தின் அமைதியை. ‘அட்மாஸ்’ என்பார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ யாரும் அசையாமல் நிற்க, காற்றும் பறவைகளும் மட்டும் பதிவாகும். பல டேக்குகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது, வசனங்களுக்கு நடுவே ஒலியில் ஓட்டை விழும். அதை அடைக்க இந்த அமைதி வேண்டும். பேச்சை டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இதுபோன்ற தொடர்களில் முடிந்தவரை அங்கே பேசுவதையே பயன்படுத்துவார்கள்.

மறுபடி பதிவு செய்யப் போனபோது அடுத்த விமானம் வந்தது. அது போனதும் மணிக்கூண்டு அடித்தது. இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை கூடையோடு ஓரமாக நின்ற வயதான துணை நடிகை ஒருவர் மெல்லிய செருப்போடு ஈர மண்ணிலேயே நின்றார். கலைந்து போங்கள் என்று யாரும் சொல்லவில்லையே. அவருடைய கால்கள்தான் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

சென்ற மாதமும் அதேதான் நடந்தது. நான்கு பேர் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் பக்கத்தில் இருந்தவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டிய பிறகும் ஒருவர், ‘முடிந்துவிட்டதே’ என்று வாதாடினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘கட்’ என்பது நமக்குச் சொல்வது அல்ல. கேமராவைப் பார்க்காதீர்கள், நீளக் கம்பில் கட்டிய மைக்கைப் பாருங்கள். அது கீழே இறங்கி, உதவி இயக்குநரும் குரல் கொடுத்த பிறகு பேசுங்கள்.

குதிரைகள்

தொடாதீர்கள். எதையும் ஊட்டாதீர்கள். அருகில் குடையை விரிக்காதீர்கள்.

வீடுகளை செட் என்று நினைப்பது

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள லேக்காக் கிராமத்தின் பெரும்பகுதி 1944-இல், பழைய கட்டடங்களையும் இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடையாக வந்தது. 1995-இல் பிபிசி ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரை எடுத்தபோது, கதையில் வரும் மெரிட்டன் நகரமாக நடித்தது இந்த ஊர்தான். 2007-இல் ‘கிரான்ஃபோர்டு’ தொடருக்கு மறுபடி வேடம் போட்டது. அங்கே அந்த வீடுகளில் வாடகைக்குக் குடும்பங்கள் வாழ்கின்றன. பெயர்ப்பலகை போலியாக இருக்கலாம், கதவு நிஜம். சன்னலில் முகத்தை ஒட்டி எட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நடிகர்கள் போனதும் கிளம்பிவிடுவது

முக்கிய நடிகர்கள் காரில் ஏறியதும் கூட்டம் கரைந்துவிடும். தயவுசெய்து இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள். கடைப் பலகைகளைக் கழற்றுவார்கள். பொய்ச் சுவரைத் தள்ளியதும் அதன் பின்னால் ஒளித்து வைத்த தபால் பெட்டி சிவப்பாக வெளியே வரும். அப்புறம் மண்ணை வாரத் தொடங்குவார்கள். சென்ற மாதம் கடைசிவரை இருந்தது நானும் ஒரு சிறுமியும்தான். மண்ணுக்கு அடியிலிருந்து தார்ச்சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தபோது, அவள் கயிற்றைப் பிடித்தபடி எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.